தோணுது மேடம்

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் கண்டக்டர்தான் முதலில் முடித்தாள். எனக்குப் பிடிக்கவில்லை.

பிடிக்கவில்லை என்று எழுதியதும் எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. படிக்க வந்தவள் நன்றாகச் செய்தால் சொல்லிக் கொடுக்கிறவளுக்கு வயிறு குளிர வேண்டும். எனக்குக் குளிரவில்லை. என்னவோ இடிக்கிறது.

எங்கள் பயிற்சிக் கூடத்தில் இருக்கிற லிஃப்ட் இரண்டு மாடி உயரம்தான். ஆளை ஏற்றிக்கொண்டு எங்கேயும் போகாது, கெட்டுப்போவதற்கென்றே கட்டி வைத்தது. காலையில் நானும், இங்கேயே எனக்கு உதவியாக வேலை செய்கிற கொழுந்தனும் எல்லோருக்கும் முன்னால் வந்து அதில் ஒரு ஃபால்ட் வைப்போம். ஒரு ஒயரைத் தளர்த்துவோம், இல்லாவிட்டால் சுவிட்சுக்குள் நிறமில்லாத நகப்பூச்சை லேசாகத் தொட்டு வைப்போம். பார்க்கப் பளபளவென்று இருக்கும், கரண்ட் போகாது. நகப்பூச்சு என் யோசனை. பயிற்சிக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். தனியாக ஒரு கட்டடத்துக்குப் போய் லிஃப்டைச் சரிசெய்ய இவர்களை அனுப்பலாமா கூடாதா என்று முடிவு செய்வது நான்.

என் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. வாய்விட்டு யோசிக்க வேண்டும். எதைப் பார்க்கப் போகிறேன், ஏன் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மனசுக்குள்ளேயே யோசிக்கிறவரை யாராலும் திருத்த முடியாது. இந்தச் சட்டத்தைக் காட்டுவதற்காகவே மேலாளர் போன வருஷம் மற்றக் கூடங்களிலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெருமை இல்லாமல் இருக்குமா?

வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் யார் மண்டை எப்படி ஓடுகிறது என்று தெரிந்துபோகும். முன்னால் தையல் கடை வைத்திருந்தவர் ஒருவர் வந்திருக்கிறார். ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனை வரை ஒன்று விடாமல் போவார். விடிந்துவிடும், ஆனால் தப்பாது. 'ஸ்பேர் பார்ட்' என்று நாங்கள் பேர் வைத்தவர் யோசிப்பதே இல்லை, கையில் அகப்பட்டதைக் கழற்றிப் புதிதாக மாட்டிவிட்டு லிஃப்ட் ஓடுகிறதா என்று பார்ப்பார். இந்தக் கண்டக்டர், பஸ்ஸில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தவள், மெஷின் வந்ததும் வேலை போய் இங்கே வந்தவள். ஒவ்வொரு பாகத்தின் பேரையும் நிதானமாகச் சொல்லிக்கொண்டே வருவாள். திடீரென்று ஒன்றில் நிற்பாள்.

"இங்கதான் மேடம்."

"ஏன்?"

"தோணுது மேடம்."

தோணுது என்பது ஒரு காரணமா?


ஜூன் 5, வியாழன்

பாதியில் பிடிக்கிற வித்தையை இன்று சொல்லிக் கொடுத்தேன். லிஃப்ட் நகர வேண்டுமானால் ஸ்டாப் பட்டன், உச்சியைத் தாண்டவிடாத மேல் லிமிட் சுவிட்ச், கதவுப் பூட்டு, அடியில் குழிக்குள் இருக்கிற சுவிட்ச் என்று எல்லாம் ஒரே வரிசையில் கைகோத்து நிற்க வேண்டும். ஒன்று கையை விட்டாலும் வண்டி நகராது. கையை விட்டது எது என்று தேட, முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் போகத் தேவையில்லை. நட்டநடுவில் மீட்டரை வை. அதுவரை கரண்ட் வருகிறதா? முன்பாதி நல்லது, மறந்துவிடு. வரவில்லையா? கோளாறு முன்பாதியில்தான். அந்தப் பாதியில் மறுபடி நடு. இப்படி வெட்டிக்கொண்டே போனால் கோளாறு ஒளிய இடமில்லாமல் மாட்டிக்கொள்ளும்.

"நடுவுல ஆரம்பிக்க மனசு ஒப்ப மாட்டேங்குது மேடம்" என்றார் தையல்காரர். "முன்னாடி இருக்கறதப் பாக்காம விட்டுட்டோமேன்னு அரிக்குது." இதுவும் ஒரு நேர்மைதான். சொல்லிவிட்டார், திருத்தலாம்.

கண்டக்டர் தலையை ஆட்டினாள். நான் சொன்னதை ஒரு எழுத்து பிசகாமல் திருப்பிச் சொன்னாள். மீட்டர் முனையை நடுவிலும் வைத்தாள். ஆனால் மீட்டரில் என்ன எண் என்று பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதானே நின்றேன். பார்க்காமலேயே, "கதவுப் பூட்டு... ஸ்டாப் பட்டன்... மேல் லிமிட்... மேல் லிமிட்டுதான் மேடம்" என்றாள்.

மேல் லிமிட்தான்.

மீட்டரைப் பார்க்காதவளுக்கு விடை எங்கிருந்து வந்தது? யாரோ முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். ஃபால்ட் எங்கே என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். நான் சொல்லவில்லை.

மாதக் கடைசியில் நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அடுத்த வாரமே அவள் ஏதோ ஒரு கட்டடத்துக்குத் தனியாகப் போவாள். பக்கத்தில் கேட்டுச் சொல்ல ஆள் இருக்காது. அவள் சரி என்று விட்டுவிட்டு வந்த லிஃப்டில் யாராவது கைக்குழந்தையோடு ஏறுவார்கள். போடாவிட்டால் அவளுக்கு இங்கே இடமில்லை. போன வாரம் ஸ்பேர் பார்ட் அவளைச் சீண்டியபோது சொன்னாள், "திரும்பிப் போக எனக்கு பஸ் இல்லப்பா" என்று. எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.


ஜூன் 6, வெள்ளி

டீ மெஷின் பக்கத்தில் கொழுந்தனும் கண்டக்டரும். நான் போனதும் பேச்சு நின்றது.


ஜூன் 8, ஞாயிறு

கொழுந்தன் எங்கள் மாடியில் குடியிருக்கிறார். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் வேண்டாம் என்றே இருந்துவிட்டவர், சாப்பாடு எங்கள் வீட்டில்தான். வீட்டிலும் அண்ணி, வேலையிலும் அண்ணி. இத்தனை வருஷமாக ஒரு ஒயரைக்கூட என்னிடம் கேட்காமல் தொட்டதில்லை.

இப்போது கொஞ்ச நாளாகச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்துகிறார்.

வீட்டுக்காரரிடம் மெல்லச் சொன்னேன். அவர் மருந்துக் கடையில் வேலை செய்கிறவர், எதையும் சீட்டு இல்லாமல் நம்ப மாட்டார் என்று நினைத்தேன். "அவன் சட்டைய இஸ்திரி போட்டா அதுலயும் ஒரு ஃபால்ட்டா?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

சிரிக்கட்டும். தம்பியை விட்டுக்கொடுப்பாரா?


ஜூன் 10, செவ்வாய்

பொறி வைத்தேன்.

காலையில் கொழுந்தனிடம், "தம்பி, இன்னிக்கு ஸ்டாப் பட்டன்ல வைங்க" என்றேன். வைத்தார். அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் அதை எடுத்துவிட்டு, கதவுப் பூட்டில் நகப்பூச்சைத் தொட்டு வைத்தேன். கண்டக்டர் நேரே ஸ்டாப் பட்டனுக்குப் போனால் ஆள் மாட்டினார். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

பேர் பேராகச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஸ்டாப் பட்டன் என்றாள், தாண்டிவிட்டாள். குழி சுவிட்ச் என்றாள், தாண்டினாள். கதவுப் பூட்டு என்றாள். நின்றாள்.

"இதுதான் மேடம்."

அப்படியானால் கொழுந்தன் நான் போனபிறகு வந்து மறுபடி பார்த்திருக்கிறார். நான் மாற்றியதைக் கண்டுபிடித்து அதையும் சொல்லிவிட்டார். நான் நினைத்ததைவிடக் கெட்டிக்காரர்கள்.


ஜூன் 11, புதன்

வீட்டுக்காரர் கேட்கிறார்: "அவ பட்டனுக்குப் போயிருந்தா அவன் சொல்லிட்டான்னு அர்த்தம். போகலைன்னா, அவன் இன்னும் நல்லாச் சொல்லிட்டான்னு அர்த்தம். அவன் சொல்லலைன்னு காட்டறதுக்கு அவ எங்கதான் போகணும்?"

எழுந்து வந்துவிட்டேன். வகுப்பில் யாராவது இந்த மாதிரி யோசித்தால் நான் சும்மா விட்டிருப்பேனா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் இது வேறு. இங்கே ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியும்.


ஜூன் 13, வெள்ளி

லிஃப்டின் ஒயர்கள் எல்லாம் வந்து சேருகிற பேனல் பெட்டிக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டேன். சாவி என் கைப்பையில். நேற்று எல்லோரும் போனபிறகு ஃபால்ட்டை நானே தனியாக வைத்தேன், இன்று காலை நானே திறந்தேன். கொழுந்தன் புதுப் பூட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

கண்டக்டர் கண்டுபிடித்துவிட்டாள்.

கைப்பை நேற்று ராத்திரி வீட்டுக் கூடத்து மேஜைமேல் இருந்தது. கொழுந்தன் சாப்பிட வந்தார். வீட்டுக்காரர் அங்கேயே டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனும் தம்பியும் சேர்ந்தா? நான் என்ன எழுதிக்கொண்டிருக்கிறேன்? கட்டிக்கொண்டவரையே சந்தேகப்படுகிற அளவுக்கு வந்துவிட்டேனா?

இருந்தாலும் இனிமேல் பை என் தலைமாட்டில்தான்.


ஜூன் 15, ஞாயிறு

கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது, இல்லை, கேட்கத்தான் வேண்டும், ஆனால் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் கேட்டிருக்கக் கூடாது.

"தம்பி, கண்டக்டருக்கு நீங்கதான் சொல்லிக் கொடுக்கறீங்களா?"

கையைத் தட்டிலிருந்து எடுத்தார். "என்னத்த அண்ணி?"

"ஃபால்ட் எங்கன்னு."

வீட்டுக்காரர், "ஏய், சாப்பிடற நேரத்துல" என்றார். கொழுந்தன் அவரைக் கையமர்த்தினார். குரலே உயர்த்தவில்லை. கத்தியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அன்னிக்கு டீ மெஷின்கிட்ட அவங்க என்ன கேட்டாங்க தெரியுமா? 'மேடம் ஏன் என் மேல கோவமா இருக்காங்க, நான் என்ன தப்புப் பண்ணேன்'னு கேட்டாங்க. நீங்க வந்தீங்க, நிறுத்திட்டோம். அவ்வளவுதான். ஃபால்ட்டு எங்கன்னு சொன்னா அவங்களையும் கொல்றேன், லிஃப்ட்ல ஏர்றவனையும் கொல்றேன். இத எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதானே. இனிமே அந்தப் பேனல்ல நான் கை வைக்க மாட்டேன் அண்ணி. நீங்களே வச்சுக்குங்க."

கை கழுவிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். தட்டில் பாதி அப்படியே.

சட்டை இஸ்திரி எதற்கு என்று வீட்டுக்காரர் அப்புறம் சொன்னார். வெளியாட்கள் வந்து போகிற இடம், கசங்கிய சட்டையோடு நிற்காதீர்கள் என்று மேலாளர் சொன்னாராம். அவர் சொன்னார் என்று இவர் சொல்கிறார். இருக்கட்டும்.

இன்னும் எனக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை. அதுதான் அசிங்கமாக இருக்கிறது.


ஜூன் 16, திங்கள்

ராத்திரி சாப்பிட வரவில்லை. மாடியில் ஸ்டவ் சத்தம் கேட்டது.


ஜூன் 18, புதன்

கடைவாய்ப் பல் உயிரை எடுத்துவிட்டது. பிடுங்கியாயிற்று. ஒரு பக்கக் கன்னம் பன் மாதிரி வீங்கிக் கிடக்கிறது. வீட்டுக்காரர் கடையிலிருந்து மாத்திரையும் ஒரு கட்டு மாஸ்க்கும் கொண்டுவந்து கொடுத்தார். "இந்த மூஞ்சியோட போனா பசங்க பயந்துக்குவாங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் என்னிடம் முழு வாக்கியமாகப் பேசியது இதுதான்.


ஜூன் 19, வியாழன்

நிதானமாக எழுத வேண்டும்.

மாஸ்க்கோடு வகுப்புக்குப் போனேன். வாயைத் திறந்தால் வலி. ஆகவே பேச்சும் குறைவு. குழி சுவிட்சில் ஃபால்ட் வைத்திருந்தேன். தையல்காரர் நடுவில் ஆரம்பித்தார், முதல் தடவையாக. அவருக்கே முகம் மலர்ந்துவிட்டது.

கண்டக்டர் வந்தாள். ஸ்டாப் பட்டன் என்றாள். மேல் லிமிட் என்றாள். கதவுப் பூட்டு என்றாள், குழி சுவிட்ச் என்றாள். வரிசை முடிந்தது. எங்கேயும் நிற்கவில்லை. மறுபடி முதலிலிருந்து சொன்னாள். நெற்றியில் வேர்வை. மூன்றாவது தடவை சொல்லும்போது குரல் தடுமாறியது. மீட்டரைக் கையில் வைத்திருந்தாள், ஆனால் அதை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில், கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மேடம், அந்த மாஸ்க்கைக் கொஞ்சம் எறக்குங்களேன்."

ஸ்பேர் பார்ட் சிரித்துவிட்டார். எனக்கு முதுகில் தண்ணீர் ஊற்றிய மாதிரி இருந்தது.


ஜூன் 20, வெள்ளி

இன்று கூடத்துக்குள் நான் நிற்கவே இல்லை. வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவளுக்கு என் முதுகு மட்டும் தெரிகிற மாதிரி. அவளால் முடியவில்லை. ஆரம்பிக்கக்கூட முடியவில்லை.

மத்தியானம் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். வந்ததுமே சொன்னாள்.

"நான் திருடல மேடம்."

"அப்ப எப்படி?"

பஸ்ஸைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.

"வண்டி ரொம்பி இருக்கும். டிக்கெட் எடுக்காதவன் யாருன்னு கேட்டாச் சொல்லுவானா? 'டிக்கெட், டிக்கெட்'னு சொல்லிக்கிட்டே ஒவ்வொருத்தனையாத் தாண்டி வருவேன், மூஞ்சியப் பாத்துக்கிட்டே. எடுக்காதவன் வெளிய வேடிக்கை பாப்பான். ஆனா நான் பக்கத்துல போனா மூச்சு மாறும். இங்கயும் பேரைச் சொல்லிக்கிட்டே வான்னு சொன்னீங்க. வந்தேன். சரியான பேரு வந்தா உங்க உதடு உள்ள போயிடும். மூச்ச நிறுத்திடுவீங்க. மத்தவங்களுக்கு இது ஏன் தெரிய மாட்டேங்குதுன்னு நான் யோசிச்சிருக்கேன்."

"இது கண்டுபிடிக்கறது இல்லன்னு உனக்குத் தெரியாதா?"

"இதுதான் படிப்புன்னு நெனச்சேன் மேடம். ஸ்கூல்லயும் அப்படித்தான். டீச்சர் போர்டுல கணக்கு எழுதிட்டுக் கேப்பாங்க. கூட்டணுமான்னு ஆரம்பிப்பேன், மூஞ்சி சுளிச்சா, இல்ல கழிக்கணும்னு மாத்திடுவேன். கெட்டிக்காரப் பொண்ணுன்னு சொல்லுவாங்க."

பொய் சொல்லுகிறவள் இவ்வளவு சந்தோஷமாகச் சொல்ல மாட்டாள். நான் கேட்டுவிட்டேன் என்று அவளுக்கு நிம்மதி.

"கையெழுத்துப் போட மாட்டீங்கல்ல?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அது உண்மை.


ஜூன் 21, சனி

ஆக, விடையைக் கசியவிட்டது நான்தான். பூட்டு வாங்கினேன், பையைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினேன், கூடப் பிறக்காத குறையாக இருந்த மனுஷனைத் தட்டுக்கு முன்னால் கேவலப்படுத்தினேன் — எல்லாம் என் மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருந்ததுக்கு. வாய்விட்டு யோசி, வாய்விட்டு யோசின்னு பெருமையா ஒரு சட்டம். அவ வாய்விட்டுச் சொன்னா, நான் மூஞ்சிய விட்டுச் சொல்லியிருக்கேன். மேலாளர் ஊர்லேர்ந்தெல்லாம் ஆளக் கூட்டிட்டு வந்து காட்டினாரே, அவங்கெல்லாம் என்னத்தப் பாத்துட்டுப் போனாங்க? கடவுளே.

இன்னொன்று. இதற்கு முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பினேனே, அவர்களில் எத்தனை பேர் என் உதட்டைப் பார்த்துத் தேறினார்கள்? இதை யோசித்தால் சோறு இறங்கவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். "மாடிக்குப் போய்ச் சொல்லு" என்றார். போகவில்லை. என்ன முகத்தோடு போவது?


ஜூன் 23, திங்கள்

கண்டக்டரைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்துப் பாடம் எடுத்தேன். பேனல் சுவரில்தானே இருக்கிறது. நான் அவளுக்குப் பின்னால். திரும்பக் கூடாது.

"மீட்டர் என்ன சொல்லுது?"

"இருபத்தி நாலு வோல்ட் காட்டுது மேடம்."

"அப்படின்னா?"

கழுத்து என் பக்கம் திரும்பப் பார்க்கிறது, பிடித்து வைத்துக்கொள்கிறாள். பாவமாக இருந்தது. பல வருஷமாகக் கைத்தடி ஊன்றி நடந்தவளிடமிருந்து தடியைப் பிடுங்கினது நான்.

மீட்டரையே பார்த்தபடி சொன்னாள். "கரண்ட் இதுவரைக்கும் வந்திருக்கு. அப்ப இதுக்கு முன்னாடி இருக்கறதெல்லாம் நல்லா இருக்கு. அதனால... குழி சுவிட்ச்."

தப்பு. அதற்கு முன்னால் கதவுப் பூட்டு பாக்கி இருக்கிறது, அவசரப்பட்டுத் தாண்டிவிட்டாள். ஆனால் 'அதனால' என்று சொன்னாள். இந்த வகுப்புக்கு வந்ததிலிருந்து இவள் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. தப்பான விடைக்கு இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.


ஜூன் 25, புதன்

மெதுவாக, தப்பும் தவறுமாகச் செய்கிறாள். இதுவரை எல்லோருக்கும் முன்னால் முடித்தவள் இப்போது ஸ்பேர் பார்ட்டுக்கும் பின்னால். அவளுக்கு அது வெட்கம். "முன்னாடி மாதிரியே இருந்திருந்தா நல்லாத்தானே மேடம் இருந்துச்சு" என்றாள். அடக்க முடியாமல் அழுதாள்.

"வெளிய கட்டடத்துல யார் மூஞ்சியப் பாப்ப?" என்று கேட்டேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு மீட்டரை எடுத்தாள்.


ஜூன் 26, வியாழன்

இன்று நான் வைத்த ஃபால்ட்டை அவளே கண்டுபிடித்தாள், காரணத்தோடு. உடனே எனக்குச் சந்தேகம். பின்னால் நிற்கிறேன், சரி. என் மூச்சுச் சத்தம் கேட்கிறதோ? நான் திருகிய ஸ்க்ரூவின் தலையில் புதுக் கீறலைப் பார்த்திருப்பாளோ? ஃபால்ட்டை நான் வைக்கிறவரை இந்தச் சந்தேகம் போகாது. எனக்குத் தெரிந்த விடை என் உடம்பில் எங்கிருந்தாவது கசியும்.

விடை எனக்கே தெரியக் கூடாது. வேறு யாராவது வைக்க வேண்டும், நானும் தெரியாமல் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒழுங்காக ஃபால்ட் வைக்கத் தெரிந்தவர் இங்கே ஒருவர்தான். பேனலில் கை வைக்க மாட்டேன் என்றவர்.

மேலாளர் இன்று கேட்டார், "திங்கக்கிழமை எல்லாருக்கும் கையெழுத்துத்தானே?" என்று. ஒரு ஆள் பாக்கி என்றேன். "அந்த ஃபாஸ்ட்டான பொண்ணா? அவதான் முதல் ஆளுன்னு நெனச்சேன்" என்றார்.


ஜூன் 28, சனி

மாடிக்குப் போனேன்.

கொழுந்தன் பனியனோடு பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். சட்டையைத் தேடினார். "இருங்க தம்பி, நான் பேசிட்டுப் போயிடறேன்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். மாஸ்க், பஸ், உதடு. உதட்டைப் பற்றிச் சொன்னபோது திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று அப்புறம்தான் தெரிந்தது.

"நீங்க அப்படிப் பண்ணுவீங்க அண்ணி" என்றார். "குழம்புல உப்பு போதுமான்னு கேக்கறப்பவும் அப்படித்தான்."

"ஏன் சொல்லல?"

"உங்க மூஞ்சியப் பத்தி உங்ககிட்ட நான் சொல்ல முடியுமா?"

மன்னிச்சுக்குங்க என்று சொன்னேன். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவரிடம் நான் அப்படிச் சொன்னதில்லை. அவர் பாத்திரத்தை அலசிக் கவிழ்த்து வைத்தார். வலித்தது அவருக்கு, ஆறவும் இல்லை. அது தெரிந்தது, நான் தெரியாத மாதிரி இருக்கவும் இல்லை.

"அவங்களுக்காக வரேன்" என்றார் கடைசியில். "திங்கக்கிழமை. எங்க வைக்கறேன்னு கேக்கக் கூடாது."

கேட்க மாட்டேன் என்றேன்.


ஜூன் 30, திங்கள்

கொழுந்தன் உள்ளே இருந்தபோது நான் வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முடித்துவிட்டு வந்தார், என் பக்கம் பார்க்காமல் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். அவர் முகத்தையும் யாரும் படிக்கக் கூடாது என்று.

கண்டக்டரை இன்று சுவர்ப் பக்கம் நிறுத்தவில்லை. நேருக்கு நேர் நின்றோம். மாஸ்க்கும் இல்லை. எனக்கு ஒன்றும் தெரியாதே, எதற்கு ஒளிய வேண்டும்?

ஒன்றும் தெரியாது என்று சொன்னேனே தவிர, மனசு சும்மா இருக்குமா? கொழுந்தனை எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியும். அவருக்குப் பிடித்த இடம் கதவுப் பூட்டு. இவ்வளவு முக்கியமான நாளில் அதில்தான் வைத்திருப்பார். நிச்சயம். நான் முடிவே கட்டிவிட்டேன்.

அவள் நடுவில் மீட்டர் வைத்தாள். எண்ணைப் பார்த்தாள். "முன்பாதி நல்லா இருக்கு. அதனால பின்பாதி" என்றாள். பின்பாதியில் நடு. மறுபடி பார்த்தாள். "இப்ப கதவுப் பூட்டுப் பக்கம் வரேன்" என்றாள்.

சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். பழைய பார்வை. அவ்வளவுதான், போயிற்று என்று நினைத்தேன்.

"மேடம், கதவுப் பூட்டுன்னு சொன்னதும் உங்க உதடு உள்ள போகுது" என்றாள். "ஆனா மீட்டர், கரண்ட் பூட்டைத் தாண்டிப் போகுதுன்னு சொல்லுது. நான் மீட்டர் பக்கம் போறேன்."

போனாள். குழிக்குள் இறங்கினாள். அங்கே சுவிட்சுக்குப் போகிற ஒயர் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டு முனையிலும் மீட்டர் வைத்தாள். இந்த முனைக்கு வருகிறது, அந்த முனைக்கு வரவில்லை. உறைக்குள் செம்பு அறுந்திருந்தது. கொழுந்தன் இந்த மாதிரி ஒன்று வைத்து நான் பார்த்ததே இல்லை.

"ஏன் இதுன்னு சொல்ற?" என்று கேட்டேன்.

குழிக்குள்ளிருந்தே சொன்னாள், ஒவ்வொன்றாக, எதை எதனால் விலக்கினாள் என்று. 'தோணுது' வரவில்லை. என் முகம் அங்கிருந்து அவளுக்குத் தெரியவும் தெரியாது.

கையெழுத்துப் போட்டேன். போடுவதற்கு முன்னால் தாளை இரண்டு தடவை படித்தேன். மேலாளர், "என்ன இவ்வளவு யோசிக்கறீங்க?" என்றார்.


ஜூலை 8, செவ்வாய்

கண்டக்டர் இன்று முதல் தடவையாகத் தனியாகப் போனாள். ஆறு மாடிப் பழைய கட்டடம், காலையிலிருந்து லிஃப்ட் நின்று கிடக்கிறதாம். மத்தியானம்வரை அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

நான் போனை எடுத்தேன். அந்தக் கட்டடத்து வாட்ச்மேன் நம்பர்கூடத் தேடிவைத்திருந்தேன். கொஞ்ச நேரம் கையிலேயே பிடித்திருந்துவிட்டு வைத்துவிட்டேன்.

சாப்பாட்டு வேளையில் கொழுந்தன் டிபன் பாக்ஸோடு வந்து எதிரே உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மறுபடி எங்கள் வீட்டுச் சாப்பாடுதான்.

"ஒரு தடவ கூப்பிட்டுப் பாக்கறீங்களா அண்ணி?"

"எதுக்கு? தேடிக்கிட்டு இருப்பா. நடுவுல போய் என்னத்தச் சொல்றது?"

என் முகத்தையே பார்த்தார். டப்பாவைத் திறந்தார். இருவரும் சாப்பிட்டோம்.